கடன்காரியின் மாணவி

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளை எல்லோரும் ‘பிரேக் மிஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மற்ற பயிற்சியாளர்கள் ஆபத்து என்றால்தான் அதை மிதிப்பார்கள். இவள் மாணவர் சாவியைத் திருப்புவதற்கு முன்பே காலைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்துவிடுவாள். “உங்கமேல நம்பிக்கை இல்லாம இல்லை சார், எதிர்ல வர்றவங்கமேலதான்” என்று மாணவருக்கு ஒரு சமாதானமும் சொல்வாள். அவளிடம் படித்த யாரும் இதுவரை எதன்மேலும் மோதியதில்லை. வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. இருபத்தாறு வயதாகியும் பாப்பாதான்.

பாப்பாவின் அப்பா சோபா செய்பவர். நல்ல வேலைக்காரர். அவர் தைத்த சோபாவில் உட்கார்ந்தவர்கள் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டார்கள் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அப்படி நிம்மதியாக இருந்த மனிதரிடம் ஒரு கூட்டாளி வந்து சேர்ந்தார். “அண்ணே, ஃபோம் அறுக்கற மெஷின் ஒண்ணு வாங்கிப் போடுவோம். மெத்தைக்கும் சோபாவுக்கும் ஊரே நம்மகிட்டதான் வந்து நிக்கும்” என்றார். ஆழம் பார்க்காமல் காலை விட்டார் அப்பா. காலை விடுவதற்கான பணத்தைத் திரைச்சீலைக் கடை நடத்தும் ஓர் அம்மாவிடம் கடனாக வாங்கினார்.

பளபளவென்று நீல வண்ணம் பூசிய மெஷின் வந்து இறங்கியது. இரண்டு பெரிய சக்கரங்கள். அவற்றைச் சுற்றி ஓடும் நீளமான பிளேடு. நடுவில் ஒரு மேசை. ஃபோமை மேசையில் வைத்துத் தள்ளினால் பிளேடு அறுத்துக்கொண்டே போக வேண்டும். போகத்தான் செய்தது. ஆனால் நேராகப் போகவில்லை. அறுத்த துண்டுகள் அலை அலையாக வந்தன. அந்த மெத்தையில் உட்கார்ந்த ஒருவர் மெல்ல மெல்லச் சரிந்து பக்கத்தில் இருந்தவர் மடியில் போய்ச் சேர்ந்தார். வந்த வேலையெல்லாம் திரும்பியது. “அண்ணே, உங்க கை நடுங்குது. அதான் இப்படி வருது” என்று சொல்லிவிட்டுக் கூட்டாளி ஒருநாள் வேறு ஊருக்குப் போய்விட்டார். அப்பா அதை நம்பினார். அதன்பிறகு அவர் மெஷினைத் தொடவே இல்லை. கேட்டவர்களிடம், “ராசியில்லாத மெஷின்” என்று மட்டும் சொல்வார்.

வாங்க ஆளில்லாமல் மெஷின் முன்னறையிலேயே நின்றது. பாதி அறை அதற்கு, மீதி மூன்று பேருக்கு. முதலில் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்தார்கள். பிறகு அந்தத் துணியின்மேல் ஈரத்துண்டு காய்ந்தது. பிறகு எல்லாத் துணிகளும் காய்ந்தன. “யானைக்குத் தீனியாவது போடணும். இது அதுவும் கேக்கலை, நல்ல யானைதான்” என்பாள் அம்மா.

அந்த வருஷம்தான் பாப்பா மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருந்தாள். மேலே பட்டப்படிப்புக்குப் போக இடமும் கிடைத்திருந்தது. போகவில்லை. பயிற்சிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளத்தில் பாதி மாதாமாதம் திரைக்கடைக்குப் போனது. “கடன் முடிஞ்சதும் படிச்சுக்கலாம்” என்று முதல் வருஷம் சொன்னாள். இரண்டாம் வருஷமும் சொன்னாள். வட்டியும் முதலுமாகக் கடன் ஆமை மாதிரி நகர்வதைப் பார்த்தபிறகு ஒருநாள் அம்மாவிடம் சொன்னாள்:

“இது முடியட்டும்னு காத்திருந்தா, காலேஜ் வாசல்ல என்னை நிறுத்தி, ‘உங்க பொண்ணைச் சேர்க்க வந்தீங்களா’ன்னு கேப்பாங்கம்மா. நான் சாயங்காலக் காலேஜ்ல சேரப்போறேன்.”

அப்பாவும் அம்மாவும் ஒப்புக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: திரைக்கடைப் பெரியம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது.

பெரியம்மா என்றால் சொந்தப் பெரியம்மா இல்லை. அம்மா அவரை ‘அக்கா’ என்று கூப்பிடுவதால் பாப்பாவுக்குப் பெரியம்மா. கடனுக்கு வட்டி உண்டு, உறவுக்கு வட்டி இல்லை, அவ்வளவுதான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவரே தவணை வாங்க நேரில் வருவார். ஐம்பது வயதைத் தாண்டியவர், கணவர் போனபின் தனியாகக் கடையை நடத்துகிறவர். கையில் எப்போதும் துணி அளக்கும் டேப் ஒன்று சுருண்டு கிடக்கும். அவர் வரும் சத்தம் கேட்டதும் பாப்பாவின் புத்தகங்கள் மெஷின்மேல் காயும் துணிகளுக்கு அடியில் போய்விடும். அப்பா, “உப்பு தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வரேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவார். அந்த வீட்டுச் சமையலறையில் உப்புக்கு மட்டும் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. பாப்பா இரண்டாம் வருஷத்துக்கு வந்தாள்.

ஒருநாள் மதியம் பயிற்சிப் பள்ளி மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். “மிஸ், புதுசா ஒருத்தங்க சேர்ந்திருக்காங்க. சாயங்காலம் கடைசி வகுப்பு. உங்களுக்குத்தான் போட்டிருக்கேன்.”

வெளியே வந்து பார்த்தாள். பயிற்சிக் காரின் பக்கத்தில், அதன் நீளத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டு பெரியம்மா நின்றிருந்தார். பாப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பெரியம்மாவுக்கு முகம் சுருங்கியது. மேனேஜரைத் திரும்பிப் பார்த்து, “வேற ஆள் இல்லையா?” என்றார்.

“இருக்காங்கம்மா. ஆனா பொறுமைசாலி இவங்க ஒருத்தங்கதான்.”

பெரியம்மாவின் கடை வேனை ஓட்டிக்கொண்டிருந்தவர் நல்ல சம்பளம் கிடைத்து வேறு இடம் போய்விட்டார். அடுத்து வந்தவர் வேனைச் சுவரில் இடித்தார். அதற்கும் அடுத்தவர் இடிக்கவில்லை, ஆனால் டீசல் கணக்கில் இடித்தார். “இனி யாரையும் நம்பறதா இல்லை. நானே ஓட்டிக்கறேன்” என்று கிளம்பி வந்திருந்தார்.

முதல் நாள் பெரியம்மா உட்கார்ந்ததும் கண்ணாடியைத் திருப்பித் தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்தார். “அது பின்னாடி வர்ற வண்டியைப் பார்க்கறதுக்குப் பெரியம்மா” என்றாள் பாப்பா பணிவாக. “வர்றவன் என்னைப் பார்க்கட்டும். நான் எதுக்கு அவனைப் பார்க்கணும்?” என்றார். ஒருவழியாக வண்டி நகர்ந்தது. தெருமுனையைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்ததும் எதிரே ஒரு பஸ் வந்தது. பெரியம்மா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்களையும் மூடிக்கொண்டார்.

“கண்ணைத் திறங்க!”

பாப்பா போட்ட சத்தத்தில் நடைபாதையில் போனவர்கள் நின்று திரும்பினார்கள். கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. வண்டி நின்றது. பஸ் உறுமிக்கொண்டு கடந்து போனது. பாப்பாவுக்கு அப்போதுதான் தான் யாரிடம் கத்தினோம் என்பது உறைத்தது.

“எங்க வீட்டுக்காரர்கூட என்னை இப்படி அதட்டினதில்லை” என்றார் பெரியம்மா.

“பெரியம்மா, அது வந்து…”

“அதட்டியிருந்தா அப்பவே வண்டி ஓட்டக் கத்துக்கிட்டிருப்பேனோ என்னவோ. சரி, கண்ணைத் திறந்துட்டேன். அடுத்து என்ன பண்ணணும்?”

அன்றிலிருந்து காருக்குள் ஒரு நியாயமும் வெளியே ஒரு நியாயமும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பாப்பா தவணையை இரண்டு கையாலும் நீட்டி ஒதுங்கி நிற்பாள். திங்கட்கிழமை காரில், “இடது பக்கம்னு சொன்னா இடது பக்கம் போகணும் பெரியம்மா. ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல போகக் கூடாது” என்று அதட்டுவாள். பெரியம்மா இரண்டையும் கலந்துகொள்ளவில்லை. காரில் வாங்கிய திட்டுக்காக வட்டியை ஏற்றவும் இல்லை, கற்றுக்கொடுத்ததற்காக இறக்கவும் இல்லை.

ஆனால் கடைசி வகுப்பு முடிந்து பஸ் பிடித்துப் போனால் பாப்பாவுக்குக் கல்லூரி தொடங்கிவிடும். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பாடத்தையே கல்லூரிச் சாலையில் வைத்துக்கொண்டாள். கல்லூரி ஒரு மேட்டின்மேல் இருந்தது. “மேட்டுல வண்டியை நிறுத்தி எடுக்கத் தெரியணும் பெரியம்மா, பரீட்சையில அதான் முக்கியம்” என்று தினமும் அங்கே ஏற்றிக் கொண்டுபோவாள். மேட்டில் குடியிருந்த இன்னொரு பயிற்சியாளர் வந்து பெரியம்மாவையும் காரையும் திரும்ப அழைத்துப் போவார். “எனக்கு இந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பாப்பா இறங்கி, கார் திரும்பி மறைந்ததும் உள்ளே ஓடுவாள்.

ஊரை ஏமாற்றலாம், கூடப் படிப்பவர்களை ஏமாற்ற முடியுமா? ஒருநாள் மாலை, கல்லூரி வாசலில் பெரியம்மா வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, பாப்பாவோடு படிக்கும் வெல்டிங் பட்டறைக்காரர் ஸ்கூட்டரில் வந்து கண்ணாடியைத் தட்டினார். தாடியும் தொப்பையுமாக நாற்பது வயது மனிதர். வகுப்பில் இவளுக்குப் பக்கத்து நாற்காலி.

“என்னம்மா, இங்க உக்காந்துட்டே? இன்னைக்கு டெஸ்ட்டு! சார் கேள்வித்தாளோட உள்ள போயிட்டார். நீ வரலைன்னா நான் யாரைப் பார்த்து எழுதறது?”

அவர் போய்விட்டார். பெரியம்மாவின் கால் கிளட்சிலிருந்து சட்டென்று விலகியது. கார் ஒரு குலுக்கலோடு, வாசலை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றுபோனது.

“டெஸ்ட்டா? யாருக்கு?”

பாப்பா மென்று விழுங்கினாள். “எனக்குத்தான் பெரியம்மா. இங்க படிக்கிறேன்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டாவது வருஷம்.”

“என் பணத்துல படிக்கிறே.”

பின்னால் ஒரு வண்டி ஹார்ன் அடித்தது. பாப்பாவுக்குக் காது சிவந்தது. இத்தனை நாள் பயந்துகொண்டிருந்த வார்த்தை அதுதான். ஆனால் கேட்டபிறகு பயம் வரவில்லை, ரோஷம்தான் வந்தது.

“இல்லை பெரியம்மா. உங்க பணம் மாசா மாசம் உங்க கைக்கு வந்துடுது. ஒரு மாசம் தப்பியிருந்தா சொல்லுங்க, இப்பவே இறங்கி வீட்டுக்குப் போயிடறேன். மிச்சத்துல வீடு நடக்குது. அதுலயும் மிச்சம் பிடிச்சு, மத்தவங்க துணி எடுக்கற காசு, வெளியே போய்ச் சாப்பிடற காசு, அதுலதான் நான் படிக்கிறேன். அது என் பணம்.”

“அப்புறம் ஏன் மறைச்சே?”

“பயந்தான்.”

“என்கிட்டயா? நடுரோட்டுல ‘கண்ணைத் திறங்க’ன்னு கத்தினியே, அப்போ எங்க போயிருந்தது அந்த பயம்?”

“அது வண்டிக்குள்ள, பெரியம்மா. வண்டிக்குள்ள நான் வேற ஆள்.”

இப்போது பின்னால் நான்கைந்து வண்டிகள் சேர்ந்துவிட்டன. காவல்காரர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். “முதல்ல வண்டியை எடுங்க, சண்டையை அப்புறமாப் போடலாம்” என்றாள் பாப்பா. பெரியம்மா சாவியைத் திருப்பினார். கார் குலுங்கி மறுபடி அணைந்தது. இன்னொரு முறை, மறுபடி அணைந்தது.

“என்ன படிப்பு?”

“மெக்கானிக்கல்.”

“அப்போ சொல்லு. இந்த கிளட்ச்சு எதுக்கு என் உயிரை வாங்குது? ‘மெதுவா விடு, மெதுவா விடு’ன்னு சொல்றியே தவிர, ஏன்னு நீ ஒருநாளும் சொன்னதில்லை.”

பாப்பா இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிராகப் பிடித்துக் காட்டினாள். “உள்ள ரெண்டு தட்டு இருக்கு பெரியம்மா. ஒண்ணு எஞ்சினோட சுத்திக்கிட்டே இருக்கு. இன்னொண்ணு சக்கரத்தைச் சேர்ந்தது, அது சும்மா நிக்குது. சுத்தறதைக் கொண்டுபோய் நிக்கறதுமேல திடீர்னு மோதினா எஞ்சின் அணைஞ்சிடும். காலை மெதுவா எடுத்தா ரெண்டும் லேசா உரசி, இதோட வேகம் கொஞ்சம் கொஞ்சமா அதுக்கும் வந்து, அப்புறம் ஒண்ணாச் சுத்தும்.”

பெரியம்மா அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அட, சம்பந்தி வீடு மாதிரி. போன அன்னைக்கே போய் ஒட்டிக்கக் கூடாது” என்றார். சாவியைத் திருப்பினார். கால் மெல்ல மேலே வந்தது. கார் ஓர் அதிர்வும் இல்லாமல் நகர்ந்து, வாசலை விட்டு ஓரமாகப் போய் நின்றது. காவல்காரர் விசிலை எடுத்துவிட்டுக் கும்பிட்டார்.

“போ, டெஸ்ட்டு எழுது. அந்தத் தாடிக்காரனுக்குக் காட்டாதே” என்றார் பெரியம்மா.

அடுத்த தவணை ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல வந்தார். தவணையை எண்ணிப் பையில் போட்டார். எழுந்திருக்கும்போது மெஷின்பக்கம் பார்த்து அம்மாவிடம் சொன்னார்: “அந்தப் புத்தகத்தையெல்லாம் வெளியே எடுத்து வை. ஈரத்துணி சொட்டுது.” அம்மா வாயைத் திறந்தபடி நின்றாள். துணிக்கடியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தின் முனை இவ்வளவு நேரமும் நீட்டிக்கொண்டிருந்தது.

இதற்குப் பின் மறைக்க ஒன்றுமில்லாததால் வீடு கொஞ்சம் லேசானது. ஆனாலும் கடன் கடன்தான். கடைசி வருஷம் தொடங்கியபோது, கல்லூரிக் கட்டணமும் தவணையும் ஒரே வாரத்தில் வந்து நின்றன. எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தும் இரண்டுக்கும் போதவில்லை. பாப்பா காரில் மெல்லப் பேச்சை எடுத்தாள்.

“பெரியம்மா, இந்த மாசம் மட்டும்…”

“ஐயோ, வண்டியில கடன் பேச்சு எடுக்காதே! கை நடுங்குது. கடைக்கு வா.”

மறுநாள் கடைக்குப் போனாள். கூரைவரை துணிச்சுருள்கள். நடுவில் நீண்ட மேசை. பெரியம்மா ஒரு தம்பதிக்கு ஜன்னல் துணி காட்டிக்கொண்டிருந்தார். கணவர் நீலம் என்றார், மனைவி பச்சை என்றார், பெரியம்மா இருவருக்கும் பொதுவாகப் பழுப்பை விற்றார். அவர்கள் போனபிறகுதான் பாப்பாவைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். பாப்பா விஷயத்தைச் சொன்னாள்.

“தள்ளுபடி எல்லாம் இந்தக் கடையில கிடையாது” என்றார் பெரியம்மா.

“தள்ளுபடி கேக்கலை. ஒரு மாசம் தள்ளித்தான் கேக்கறேன்.”

“தள்ளியும் கிடையாது. இன்னைக்குத் தள்ளினா நாளைக்கு உனக்குத்தான் ரெண்டு தவணையாச் சேரும், நீ தாங்கமாட்டே.” டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். “ஒண்ணு செய். உங்க பள்ளிக்கூடத்துக் காருல எனக்கு ஓரளவு வந்துடுச்சு. ஆனா நான் ஓட்ட வேண்டியது வேன். அது எருமை மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து எனக்கு வேன் ஓட்டச் சொல்லிக்கொடு. அந்தக் கூலியை இந்தத் தவணைக்குக் கழிச்சுக்கறேன். வெளியில என்ன விலையோ அந்த விலை. ஒரு பைசா கூடப் போடமாட்டேன்.”

பாப்பா உள்ளுக்குள் துள்ளினாள். ஆனால் பெரியம்மாவின் மேசையில் உட்கார்ந்தால் யாருக்கும் வியாபாரம் வந்துவிடும் போல. “பள்ளிக்கூடத்துக் காருல ரெண்டு பிரேக்கு, பெரியம்மா. வேன்ல எனக்குப் பிரேக் கிடையாது. உயிருக்கு ஆபத்து அதிகம். விலையும் அதிகம்” என்றாள்.

பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். விலை கொஞ்சம் ஏறியது.

கடைசி வருஷத்தில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு செய்முறை வேலை செய்து காட்ட வேண்டும். பழுதான ஏதாவது ஓர் இயந்திரத்தை எடுத்து, கோளாறைக் கண்டுபிடித்து, ஓட வைக்க வேண்டும். வெல்டிங் பட்டறைக்காரர், “எங்கயாவது பழைய மோட்டார் தேடுவோம்” என்றார். பாப்பா, “தேட வேண்டாம். எங்க வீட்டு முன்னறையில ஒண்ணு நிக்குது. அதுமேல என் சட்டைகூடக் காயுது” என்றாள்.

அப்பா ஒரே வார்த்தையில் மறுத்தார். “வேண்டாம்.”

“ஏன்ப்பா?”

“அது ராசியில்லாத மெஷின். தொட்டவங்களுக்கெல்லாம் கெடுதல்தான். உன் படிப்பையும் அதுகிட்ட கொண்டுபோகாதே.”

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். கையில் கரண்டி. “ராசி இல்லாத மெஷின்மேலதான் இத்தனை வருஷமா உங்க வேட்டி காயுது. வேட்டிக்கு என்ன கெடுதல் வந்துச்சு? பிரிக்கட்டும் விடுங்க. இதுக்குமேல கெட்டுப்போக அதுல என்ன இருக்கு?”

அப்பா எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். “உப்பு வாங்கிட்டு வரேன்” என்றார். பாப்பா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

துணிகளை எடுத்தார்கள். மூடியை எடுத்தார்கள். அவளும் பட்டறைக்காரருமாக மேல் சக்கரத்தைக் கழற்றி, அதைத் தாங்கியிருந்த ‘ஷாஃப்ட்’ என்ற இரும்புத் தண்டை உருவினார்கள். நீல வண்ணத்தைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் பழைய சாம்பல் வண்ணம். அதற்கும் அடியில் துரு. புதிது என்று விற்ற மெஷின் பழையது. பாப்பா ஷாஃப்டைத் துடைத்துச் சமதளமான ஓர் இரும்புப் பலகையின்மேல் வைத்து உருட்டினாள். நேரான ஷாஃப்ட் என்றால் வழுக்கிக்கொண்டு உருளும். இது ஒவ்வொரு சுற்றுக்கும் எழும்பி எழும்பி விழுந்தது. டக், டக், டக்.

அப்பா உப்புப் பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. வாசலிலேயே நின்றார்.

“அப்பா, இங்க வந்து பாருங்க.”

“என்ன அது?”

“மேல் வீலோட ஷாஃப்ட். வளைஞ்சிருக்கு. இது வளைஞ்சா வீல் ஆடும், வீல் ஆடினா பிளேடு நெளியும். வாங்கறதுக்கு முன்னாடியே எங்கயோ விழுந்து வளைஞ்சிருக்குப்பா. மேல பெயிண்ட் அடிச்சு வித்துட்டாங்க. இதுல யார் அறுத்திருந்தாலும் அலை அலையாத்தான் வந்திருக்கும்.”

அப்பா கீழே உட்கார்ந்தார். ஷாஃப்டைத் தானே ஒருமுறை உருட்டினார். டக், டக். இன்னொரு முறை உருட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“அப்போ… என் கை?”

“உங்க கையில ஒண்ணுமில்லைப்பா.”

அவர் தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தார். விரல்கள் கொஞ்சம்கூட ஆடவில்லை. பட்டறைக்காரர் நாசூக்காக எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இத்தனை வருஷம் வாங்கின உப்புக் காசுல ஒரு ஷாஃப்ட் வாங்கியிருக்கலாம்!” என்றாள். அப்பாவும் சிரித்தார். அந்த அறையில் அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

புது ஷாஃப்டைப் பாப்பா கல்லூரிப் பட்டறையில் இரும்பைச் சுழற்றிச் செதுக்கும் லேத்தில் தானே கடைந்தாள். முதலில் கடைந்தது ஓர் இழை கூடுதலாக மெலிந்துபோனது. ஆசிரியர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, “பேனாவா வச்சுக்கோ” என்றார். இரண்டாவது சரியாக வந்தது. பிளேடு விலகாமல் இருபக்கமும் பிடித்துக்கொள்ளும் கட்டைகளை மாற்றினார்கள். புது பிளேடு போட்டார்கள். மெஷின் ஓடத் தொடங்கியபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“நீ தள்ளு” என்றார் அப்பா.

“நீங்க தள்ளுங்க.”

அப்பா ஃபோமை மேசைமேல் வைத்தார். உள்ளங்கைகளை விரித்து அதன் முதுகில் பதித்து, தூங்குகிற குழந்தையைத் தள்ளிப் படுக்கவைப்பது போலத் தள்ளினார். பிளேடு புகுந்து வெளியே வந்தது. அறுத்த இரண்டு துண்டுகளையும் திருப்பி ஒன்றோடொன்று சேர்த்து வைத்தார். நடுவில் கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

அந்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வேனைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள். வாசலில் வண்டி நின்றது. அம்மாவின் பூந்தொட்டி ஒன்று மட்டும் உடைந்தது. உள்ளே வந்த பெரியம்மாவுக்கு இரண்டு ஆச்சரியங்கள். மெஷின்மேல் துணி இல்லை. அப்பா உப்பு வாங்கப் போகவில்லை.

“வாங்கக்கா” என்று அப்பா அறுத்து வைத்திருந்த மெத்தைகளைக் காட்டினார். பெரியம்மா டேப்பை எடுத்து நீளம் அளந்தார், அகலம் அளந்தார், நான்கு மூலையிலும் உயரம் அளந்தார். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. அதனால் எரிச்சலோ என்னவோ, இன்னொரு முறை அளந்தார்.

“ஒரு தங்கும் விடுதிக்கு ஜன்னல் துணி தைக்கறேன். ஜன்னலுக்குக் கீழே உக்கார்ற மெத்தையும் கேக்கறாங்க. நீங்க செய்வீங்களா? ஆனா விலையைக் குறைச்சுக்கணும், கடன் இருக்குல்ல.”

பாப்பாவும் அம்மாவும் அப்பாவைப் பார்த்தார்கள்.

“கடன் வேற, வேலை வேற அக்கா. வேலைக்கு என்ன விலையோ அது. குறைக்க முடியாது. பாதியைக் கடனுக்கு எடுத்துக்கோங்க, பாதியைக் கையில கொடுங்க” என்றார் அப்பா.

பெரியம்மா பாப்பாவின் பக்கம் திரும்பினார். “இந்தப் பேச்சு உன்கிட்டயிருந்து அவருக்கு வந்துச்சா, அவர்கிட்டயிருந்து உனக்கு வந்துச்சா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மெத்தையின் எண்ணிக்கையைச் சொல்லத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு கடன் ஆமையாக இல்லை. சம்பளத்திலிருந்து ஒரு பக்கம், மெத்தையிலிருந்து ஒரு பக்கம் என்று அது கரைந்துகொண்டே வந்தது. இடையில் பெரியம்மா ஓட்டுநர் பரீட்சைக்குப் போய்ப் பரீட்சை அதிகாரியிடம், “நீங்க ஏன் பெல்ட் போடலை?” என்று சண்டை பிடித்துத் தோற்றார். அடுத்த முறை பாப்பா, “வாயைத் திறக்கக் கூடாது, கண்ணை மூடக் கூடாது” என்று சொல்லி அனுப்பினாள். தேறிவிட்டார்.

பாப்பாவின் கடைசிப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் கடன் தீர்ந்தது. அன்றைக்கு எந்த ஆர்ப்பாட்டமும் இல்லை. பெரியம்மா கடைசித் தவணையை எண்ணினார். “சரியா இருக்கு. இனிமே முதல் ஞாயித்துக்கிழமை நான் எங்க போறது?” என்றார். “இங்கதான் வரணும் அக்கா” என்றாள் அம்மா. ரிசல்ட்டும் வந்தது. பாப்பா நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். வெல்டிங் பட்டறைக்காரரும் தேறினார். யாரைப் பார்த்தும் எழுதவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். லிஃப்ட் செய்யும் ஒரு நிறுவனத்தில் பாப்பாவுக்கு வேலை கிடைத்தது.

வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பாடு. பெரியம்மாவும் வந்திருந்தார். நான்கு பேரும் தட்டோடு, இடமில்லாததால் மெஷினைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சாப்பிட்ட கையைக் கழுவாமலே பேச ஆரம்பித்தார்.

“மெத்தை உறை தைக்க வெளியே கொடுக்க வேண்டியிருக்கு. நம்மகிட்டயே ஒரு பெரிய தையல் மெஷின் இருந்தா…”

பெரியம்மா நிமிர்ந்தார். “அதுக்கென்ன, நான் பணம் தரேன். உங்களுக்குன்னா வட்டியில கொஞ்சம் பார்த்து…”

“வேண்டாம்!” என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

பெரியம்மாவுக்குப் புரையேறியது. அம்மா அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். சிரிப்பும் இருமலுமாகக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “சரி சரி, சேர்த்து வச்சே வாங்குங்க. ஆனா வாங்கறப்போ பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போங்க. முதல்ல அவ பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கட்டும்” என்றார்.

“கூட்டிக்கிட்டு என்ன, நானே போய் வாங்கிட்டு வரேன். உங்க வேனை மட்டும் கொடுங்க” என்றாள் பாப்பா, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு.

“வாடகை உண்டு” என்றார் பெரியம்மா.